பிசிறு எந்தப் பக்கம்

என் சகலையைப் பற்றிப் பேசிப் பேசி என் மனைவிக்குக் காது புளித்துப் போய்விட்டது. இனிமேல் கேட்கத் தெம்பில்லை, எழுதியாவது தொலையுங்கள் என்று ஒரு நோட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டுவிட்டுப் போனாள். சரி, எழுதுகிறேன். அவளுடைய தங்கையின் கணவன் அவன். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். இருவருக்கும் ஒரே மாமனார், ஒரே கம்பெனி, ஒரே பிரிவு என்று ஆகிப்போனது என் தலையெழுத்து.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு அவன்மேல் பொறாமை. லேசுபாசான பொறாமை இல்லை. அவன் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தால்கூட எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மனைவி இதைப் படித்துவிட்டுச் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

கம்பெனியில் அவனுக்குப் 'பவ்யம்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். முதலாளி முன்னால் மட்டும் இல்லை, வாசல் காவலாளி முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பான். திட்டினாலும் "சரிங்க", பாராட்டினாலும் "சரிங்க". எனக்குச் 'சிவப்புப் பென்சில்' என்று பெயர். யார் வரைந்த டிராயிங்காக இருந்தாலும் அச்சு செய்கிற டூல் ரூமுக்குப் போகுமுன் என் மேஜைக்கு வரும். அதன் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அளவாகப் பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சைப் பென்சிலால் ஒரு டிக், தப்பாக இருந்தால் சிவப்பில் ஒரு வட்டம். இருபத்திரண்டு வருஷம் இதுதான் என் வேலை. என்னிடமிருந்து ஒரு டிராயிங்கும் சிவப்பு இல்லாமல் திரும்பியதில்லை என்று சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ரொம்ப மிகை இல்லை.

நாங்கள் செய்வது பிரஷர் ஸ்விட்ச். வீட்டுத் தண்ணீர் மோட்டார் தானாக நிற்கிறதே, அது இதனால்தான். உள்ளே காசு அளவுக்கு ஒரு எஃகுத் தகடு இருக்கும், நடுவில் லேசாகக் குவிந்து. குவிந்த பக்கத்தை முதுகு என்போம், குழிந்த பக்கத்தை வயிறு என்போம். குழாயில் தண்ணீர் ஏற ஏற முதுகில் அழுத்தம் கூடும். தகடு தாங்கும், தாங்கும், ஓர் அளவுக்குமேல் தாங்காமல் 'டிக்' என்று ஒரே மூச்சில் மறுபக்கம் மடங்கும். கரண்ட் அறுந்து மோட்டார் நிற்கும். அழுத்தம் இறங்கினால் மறுபடி 'டிக்', மறுபடி மோட்டார் ஓடும். எண்ணெய் டின் மூடியைக் கட்டைவிரலால் அமுக்கினால் குழிந்து நிமிருமே, அதே சங்கதிதான். மெல்ல மெல்ல மடங்கினால் பொறி பறந்து உள்ளே கருகிவிடும், அதனால் பட்டென்று மடங்க வேண்டும். அப்படி லட்சக்கணக்கான தடவை மடங்கியும் தகட்டில் விரிசல் விழக் கூடாது. எங்கள் பிழைப்பே அந்த ஒரு தகட்டில்தான் இருக்கிறது.

கல்யாணத்தின்போது அவன் வீடு வீடாகப் போய் மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். தோளில் ஒரு பை, நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ். உங்கள் கம்பெனியில் சின்ன மாப்பிள்ளைக்கு ஏதாவது பாருங்களேன் என்று மாமனார் என்னிடம் வந்து கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்து போனது. நான் டிப்ளமா, அவன் பை தூக்குகிறவன். கேட்டதும் செய்து கொடுத்தேன். டெஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்விட்ச் எத்தனை தடவை டிக் என்றது என்று கவுண்ட்டரைப் பார்த்து எழுதுகிற வேலை. தப்பு செய்யவே வழியில்லாத வேலையாகப் பார்த்துத்தான் கொடுத்தேன். அவனோ அண்ணா, அண்ணா என்று உருகினான். அந்த ஒரு வருஷம் நான் அவனிடம் ரொம்ப நல்லவனாக இருந்தேன்.

வரும்போது ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தான். உள்ளே ரிப்பேர் வேலையில் கழற்றிப் போட்ட செத்த ஸ்விட்சுகள், நூற்றைம்பது இருக்கும். மதியம் சாப்பிட்ட கையோடு ஒவ்வொன்றாகத் திறந்து, எது எதனால் செத்தது என்று பிரித்து வைப்பான். கருகியது ஒரு பக்கம், ரப்பர் கிழிந்தது ஒரு பக்கம், தகடு விரிசல் விட்டது ஒரு பக்கம். என்ன பவ்யம், பிரேதப் பரிசோதனை நடக்கிறதா என்று நான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அடுத்ததைத் திறந்தான்.

பிறகு மாலை வகுப்புக்குப் போய் டிராயிங் படித்தான். டிசைன் பிரிவில் சின்னச் சின்ன வேலையாகக் கொடுத்தார்கள். ஒரு வாஷரை வரைந்து கொண்டுவருவான். வாஷரில் என்ன தப்பு வரும் என்று கேட்பீர்கள். நான் கண்டுபிடிப்பேன். ஒரு ஸ்பிரிங், ஒரு மூடி, ஒரு திருகு, எது வந்தாலும் சிவப்பு இல்லாமல் போகாது. மூன்று வருஷம் இப்படி நடந்தது. ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. திருத்திக்கொண்டு வருவான், "சரியா அண்ணா?" என்பான். அவன் கேட்கிற விதத்திலேயே எனக்கு எரிச்சல் வரும்.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. ஒரு பம்ப் கம்பெனிக்காரர்கள், ஐந்து லட்சம் தடவை டிக் என்றாலும் தாங்குகிற ஸ்விட்ச் வேண்டும் என்றார்கள். அதுவரை நாங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டியதில்லை. முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார். நான் யோசித்ததில் தப்பில்லை: தகடு விரிசல் விடுகிறதா, தகட்டைக் கனமாக்கு. கனமாக்கினேன். ஒரு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்தில் என் தகடு இரண்டாகப் பிளந்தது. அந்த எண் எனக்குச் சாகும்வரை மறக்காது, ஏனென்றால் கவுண்ட்டரைப் பார்த்து எழுதிக்கொடுத்த கையெழுத்து அவனுடையது.

மறுநாள் கூட்டத்தில், ஒரு விஷயம் சொல்லலாமா என்று கை கட்டிக்கொண்டு எழுந்தான். டின்னையும் கூடவே கொண்டுவந்திருந்தான்.

"செத்த ஸ்விட்ச் எல்லாத்தையும் பார்த்தேங்க. டிக்னு மடங்குற வரைக்கும் தகட்டுக்கு ஒண்ணும் ஆகல. மடங்கின பிறகும் தண்ணி தள்ளிக்கிட்டே இருக்கு பாருங்க, அதுலதான் போகுது. அதுக்கு மேல வளையாம கீழ ஒரு கிண்ணம் வெச்சுட்டா போதுங்க."

கனமான ஒரு தகட்டுக்குப் பதில் மெல்லிசாக இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. அடியில் தகடு போய் உட்கார ஒரு சின்னக் கிண்ணம். அவ்வளவுதான். கேட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, இது சரி என்று. இருபத்திரண்டு வருஷமாக என் மூக்குக்கு முன்னால் இருந்த விஷயம். பை தூக்கிக்கொண்டு வந்தவன் எடுத்துக்கொண்டு போகிறான்.

அவன் சாம்பிள் ஐந்து லட்சத்தைத் தாண்டி ஆறு லட்சம் ஓடியது. அதற்கு மேலும் ஓடிக்கொண்டிருந்ததை முதலாளியே போதும் என்று நிறுத்தினார். நிறுத்திவிட்டு அவனை ஜன்னலோர மேஜைக்கு மாற்றினார்.

அந்த மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிசைன் பிரிவில் நல்ல வெளிச்சம் விழுகிற இடம் அது ஒன்றுதான். கண் போகிறது, பென்சில் கோடு தெரியவில்லை, அந்த மேஜையைக் கொடுங்கள் என்று நான் பதினொரு வருஷம் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்பார். அவன் கேட்கவே இல்லை. போய் உட்காரச் சொன்னார், சரிங்க என்று உட்கார்ந்துவிட்டான். நான் டியூப்லைட் அடியில் இருந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? மாமனார் அந்தக் கிண்ணத்தையும் தகட்டையும் ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யார் வந்தாலும் எடுத்து, கட்டைவிரலால் அமுக்கி, டிக், டிக். சின்ன மாப்பிள்ளை செய்தது, ஆறு லட்சம் தடவை தாங்கும் என்பார். தபால்காரருக்குக்கூடக் காட்டினார். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து டிக், டிக். நான் பாதியில் கை கழுவிவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்த எதையும் அந்த மனுஷர் பையில் போட்டுக்கொண்டதில்லை.

உற்பத்திக்குப் போகுமுன் டிராயிங் என்னிடம் வந்தது. வழக்கம்போல மேலிருந்து கீழே இறங்கினேன். குறுக்களவு, கனம், குவிவின் உயரம், எல்லாம் பச்சை. சும்மா சொல்லக்கூடாது, அழகாக வரைந்திருந்தான். கடைசியாக ஓரத்துக்கு வந்தேன். ஓரத்தில் ஒன்று குறைந்தது.

தகட்டை ஷீட்டிலிருந்து வெட்டும்போது ஒரு பக்க ஓரம் வழவழப்பாக இருக்கும், மறுபக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தை ஓட்டினால் தெரியும். குவிக்கும்போது அந்தப் பிசிறு முதுகுப் பக்கம் வந்தால் கவலையில்லை. வயிற்றுப் பக்கம் வந்துவிட்டால், ஒவ்வொரு டிக்குக்கும் அந்த ஓரம் இழுபட்டு, பிசிறு இருக்கிற இடத்தில் விரிசல் தொடங்கும். அதனால் டிராயிங்கில் 'பிசிறு முதுகுப் பக்கம்' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். அவன் எழுதவில்லை. அவனுக்கு அது தெரியாது. சாம்பிள் தகடுகளை டூல் ரூம்காரர் கையால் ஒவ்வொன்றாகச் செய்தார். நான் வருஷக்கணக்காகக் கத்திக் கத்தி அவர் கை பழகிப் போயிருந்தது. நகத்தால் தடவிப் பார்த்துத் தானாகவே திருப்பி வைத்துக்கொள்வார். இவனுடைய சாம்பிள் ஆறு லட்சம் ஓடியதில் என் தொண்டைத் தண்ணியும் இருக்கிறது. ஆனால் உற்பத்தியில் தகடுகள் மெஷினுக்குள் கொட்டும், விழுந்தபடி விழும். பாதி முதுகு, பாதி வயிறு.

பிரதியில் அந்த ஓரத்தில் சிவப்பு வட்டம் போட்டேன். போட்டுப் பென்சிலை வைக்கவில்லை, ஜன்னல் பக்கம் சிரிப்புச் சத்தம். பம்ப் கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். முதலாளி அவன் தோளில் கை போட்டு, இவர்தான் என்று அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். அவன் சரிங்க, சரிங்க என்று நெளிந்தான். அவர்களில் ஒருவர் என் பக்கம் திரும்பி, இவர் யார் என்று கேட்டார்.

"இவரா? இவரோட சகலை" என்றார் முதலாளி.

அவ்வளவுதான் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கம்பெனியில் இருந்த மனுஷனுக்கு அதுதான் அறிமுகம். நான் எழுந்து வணக்கம் சொன்னேன். உட்கார்ந்தேன். ரப்பரை எடுத்து அந்த வட்டத்தை அழித்தேன். அந்த இடத்தில் பச்சையில் ஒரு டிக் போட்டுவிட்டு, மூல டிராயிங்கில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் மூக்கு உடையட்டும் என்று நினைத்தேன். முதல் லாட் சரக்கை டெஸ்ட் பண்ணும்போது எப்படியும் தெரிந்துவிடும், நாலு பேர் முன்னால் அசடு வழிவான், அதோடு முடிந்தது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை, சத்தியமாக.

முதல் லாட்டில் மூன்று ஸ்விட்சை எடுத்து டெஸ்டுக்கு வைத்தார்கள். மூன்றும் நல்ல தகடாக வந்து தொலைத்தன. ஐந்து லட்சமும் ஓடி முடித்தன. நாலாயிரம் ஸ்விட்ச் லாரி ஏறிப் போனது. அவன் போட்டோவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். போய்ச் சொல்லியிருக்கலாம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். அந்தப் பலகையைக் கடந்து போகும்போதெல்லாம் நாளைக்கே சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தது.

ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வர ஆரம்பித்தன. மோட்டார் நிற்கவே மாட்டேன் என்கிறது, தொட்டி நிரம்பி வழிகிறது, மோட்டார் புகைகிறது. முதலில் ஒன்று, பிறகு பெட்டி பெட்டியாக. திறந்தால் எல்லாவற்றிலும் ஓரத்தில் மயிரிழை விரிசல். டூல் ரூம்காரர் ஒரு தகட்டை எடுத்து நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிசிறு வயிற்றுப் பக்கம் இருக்கிறதே என்றார். டிராயிங்கைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதில் அந்த வரி இல்லை. கீழே என் கையெழுத்து இருந்தது.

முதலாளி அறையில் நாங்கள் இருவரும் நின்றோம். அவர் என்னைத்தான் முதலில் பார்த்தார். பிசிறு, பிசிறு என்று இந்த ஆபீசே நடுங்கக் கத்துகிற ஆள் நீங்கள், உங்கள் கண்ணில் எப்படி இது படவில்லை என்று கேட்டார். அதற்குள் அவன் முந்திக்கொண்டான். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கொண்டுபோய் நான்தான் அவசரப்படுத்தினேன், பார்க்கவே விடவில்லை, அண்ணாமேல் தப்பில்லை என்றான். மாதக் கடைசியோடு வேறு வேலை பார்த்துக்கொள் என்று முதலாளி அவனிடம் சொன்னார். அவன் சரிங்க என்றான்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். பேசாமல் வெளியே வந்தேன். வந்ததும் எனக்கு வந்த முதல் கோபம் அவன்மேல்தான். என்னைக் காப்பாற்ற இவன் யார்? தகட்டிலும் ஜெயித்தான், மேஜையிலும் ஜெயித்தான், இப்போது நல்லவன் என்கிற பேரையும் அடித்துக்கொண்டு போகிறான்.

மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டியதுதான் அவன். மச்சினிக்கு அப்போது ஏழாவது மாதம். வீட்டில் என் மனைவி அழுதாள். அழுது முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்ப்பீங்களே, இது மட்டும் எப்படித் தப்புச்சு?" என்று கேட்டாள்.

அவள் ஒன்றும் உள்ளர்த்தம் வைத்துக் கேட்கவில்லை. ஆனால் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, நான் டிக் போட்ட அந்தப் பிரதி. சிவப்புப் பென்சில் எவ்வளவு அழித்தாலும் முழுசாகப் போகாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்த வட்டம் தெரியும். வட்டம் தெரிந்தால், பார்த்துவிட்டுத்தான் அழித்தேன் என்பதும் தெரிந்துவிடும். மறுநாள் முதல் ஆளாகப் போய் டிராயரைத் திறந்தேன். எல்லாப் பிரதியும் இருந்தது, அது மட்டும் இல்லை. மேஜையைக் குடைந்தேன், அலமாரியைக் கவிழ்த்தேன், குப்பைக் கூடையைக்கூட விடவில்லை. யாரோ எடுத்துவிட்டார்கள். யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் இவன்தானா என்று தோன்றியது. நாலு நாள் என் முகத்தில் ஈயாடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்லப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையில், அந்தப் பிரதியைப் பற்றி அவனுக்கு ஏதாவது தெரியுமா என்று நூல் விட்டுப் பார்க்கத்தான் போனேன். வழியில் நல்ல மழை. தொப்பலாக நனைந்து போய் நின்றேன். அவன் தரையில் உட்கார்ந்து, பழைய பையில் ஸ்பேனர்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். மச்சினி, ஐயோ மாமா இப்படி நனைந்துவிட்டீர்களே என்று துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தாள்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் அது ஒட்டியிருந்தது. நாலு மூலையிலும் டேப் போட்டு. எல்லாம் பச்சை டிக்.

நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். "அதுவா மாமா? நீங்க ஒரு சிவப்பும் போடாம குடுத்தீங்களாமே. உங்க டிராயர்லேருந்து சொல்லாம எடுத்துட்டு வந்துட்டார். அன்னைக்கு முழுக்க இதையேதான் பார்த்துக்கிட்டிருந்தார், தெரியுமா? என்னையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார்" என்றாள். துண்டைக் கொடுத்துவிட்டு டீ போடப் போனாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவில் ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தது. ஓரத்தில், பச்சை டிக்குக்கு அடியில், வட்டம் ரோஸ் நிறத்தில் தெரிந்தது. எனக்குத் தெரிந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

எப்போது பார்த்தாய் என்று கேட்டேன். முதல் ஸ்விட்ச் திரும்பி வந்த அன்றைக்கே என்றான். பிறகு ஏன் முதலாளியிடம் காட்டவில்லை, உன் வேலை தப்பித்திருக்குமே என்றேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். அவனைத் தெரிந்த இத்தனை வருஷத்தில் கையைக் கட்டாமல் என் முன்னால் நின்றது அன்றைக்குத்தான்.

"காட்டினா உங்களை அனுப்பிடுவாங்கன்னு தெரியும். உண்மையைச் சொல்றேன் அண்ணா, அதைப் பத்தி நான் கவலைப்படல. நான் பார்க்காததை நீங்க பார்த்திருக்கீங்க. ஆறு மாசம் அந்தத் தகட்டோடயே குடும்பம் நடத்தினேன், எனக்குத் தெரியல. நீங்க உக்காந்த இடத்துலேருந்து ஒரு வட்டம் போட்டுட்டீங்க. அது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நினைச்சேன். செக் பண்ண பிரதியைக் கொண்டுவான்னு அவர் கேட்டுடக் கூடாதேன்னுதான், அவசரப்படுத்தினேன்னு சொன்னேன்."

அலமாரிக் கதவைப் பார்த்துக்கொண்டே, "வேலை போனா போகட்டும். அந்த வட்டத்தை மட்டும் என்னால தாங்க முடியல" என்றான்.

நான் என்ன நினைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கம் பிறகு வந்தது, படி இறங்கும்போது. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு வந்தது சந்தோஷம். என்மேல் இவனுக்குப் பொறாமை! பவ்யத்துக்கு! நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு எரிந்துகொண்டிருந்த வருஷமெல்லாம், அவன் என் பென்சிலைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறான். அவன் காப்பாற்றியது என்னை இல்லை, தன் மானத்தை. நல்லவனும் இல்லை ஒன்றும் இல்லை, என்னைப் போலத்தான். அவனை எனக்கு முதல் தடவையாகப் பிடித்தது.

அலமாரியிடம் போய் டேப்பை உரித்தேன். வேண்டாம் அண்ணா, விட்டுவிடுங்கள் என்று கையைப் பிடித்தான். முடியாது என்றேன். அவன் வேலைக்காகவும் மச்சினிக்காகவும்தான் எடுத்தேன் என்று அப்போது சொன்னேன். அது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன். அந்த வட்டம் என்னுடையது. நான் கண்டுபிடித்தது. அதை அவன் வீட்டு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ள நான் சம்மதிப்பேனா?

திங்கட்கிழமை காலையில் அதை முதலாளியின் மேஜையில் வைத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினேன். அவர் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பார்த்துட்டு அழிச்சீங்களா?"

"ஆமாங்க."

"ஏன்?"

நான் ஜன்னலோர மேஜையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, அவருக்கும் தம்பிமார் உண்டு. பென்சில்கள் இரண்டையும் வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டார். இனிமேல் எந்த டிராயிங்கிலும் என் கையெழுத்து வேண்டாம் என்றார். என்னையும் அனுப்பவில்லை, அவனையும் அனுப்பவில்லை. ஆனால் போட்டோவைக் கழற்றச் சொன்னார். திரும்பி வந்த பெட்டிகளை எல்லாம் ஜன்னலோர மேஜையில் கொட்டச் சொல்லி, இரண்டு பேரும் உட்கார்ந்து கடைசித் தகடுவரை பிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்றார்.

ஆக, பதினொரு வருஷம் கேட்ட மேஜை எனக்குக் கிடைத்தது. பாதி மேஜை. நல்ல வெளிச்சம். பெட்டிகள் திரும்பி வந்த சேதி தெரிந்து மாமனார்கூட சட்டைப் பையைக் காலி செய்துவிட்டார் என்று கேள்வி.

ஸ்விட்சைத் திறக்க வேண்டும், தகட்டை எடுக்க வேண்டும், பிசிறு முதுகில் இருந்தால் இந்தத் தட்டு, வயிற்றில் இருந்தால் அந்தத் தட்டு. லாட் முழுவதுமே திரும்பி வந்திருந்தது; ஒரு ஸ்விட்சுக்கு இரண்டு தகடு, ஏறக்குறைய எட்டாயிரம் தகடு. பதினாறு நாள். மேஜையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். அவன் ஒவ்வொரு தகட்டையும் லென்ஸ் வைத்து, திருப்பித் திருப்பி, சந்தேகம் தீரப் பார்த்தான். எனக்கு லென்ஸ் எதற்கு? கட்டைவிரல் நகத்தை ஒரு சுற்று ஓட்டினால் போதும். அவன் ஒன்றை வைப்பதற்குள் நான் நாலை வைத்தேன்.

மூன்றாவது நாள் நிமிர்ந்தபோது, அவன் ஓரக்கண்ணால் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது எப்படி நிறைகிறது என்று பார்த்தான், பிறகு தன்னுடையதைப் பார்த்தான், பிறகு லென்ஸைக் கீழே வைத்துவிட்டு நகத்தால் தடவிப் பார்த்தான். அவனுக்கு வரவில்லை. மறுபடி லென்ஸை எடுத்தான். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும், வருஷக்கணக்காக என் கண்ணில் இருந்த பார்வைதான். பாவம், சின்னவன், நல்ல தகடு செய்தவன், நாம் கொஞ்சம் மெதுவாகச் செய்வோம் என்று நான் நினைத்ததாக எழுத ஆசைதான். மனைவியும் அதைத்தான் எதிர்பார்ப்பாள்.

இல்லை. நான் இன்னும் வேகமாகச் செய்தேன்.